கொய்யா இலைத் தண்ணீரில் அன்னபேதி

தோட்ட மருந்தகம், சுங்கை சிப்புட்
14 மார்ச் 1943

மங்களத்துக்கு,

ஜப்பான்காரர்கள் ஆண்டை 2603 என்று போடச் சொல்கிறார்கள். ஒரே நாளில் அறுநூற்று அறுபது வருஷத்தைக் கூட்டிக்கொள்ள என் கணக்கு வாத்தியார் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் 1943 என்றே போடுவேன்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சிலிபின் கோவிலில் நீ மாலை மாற்றிக்கொண்டதை நான் கள்ளுக்கடையில் கணக்கெழுதும் கிராணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது, "டிரஸ்ஸரே, தங்கச்சி கல்யாணத்துக்கு எங்களுக்கெல்லாம் சாப்பாடு இல்லியா?" என்று கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் சீனி. கரியில் ஓடும் லாரியை ஓட்டிக்கொண்டு வாரம் ஒரு முறை ஈப்போவுக்குப் போய்வரும் அவன் நேற்று மருந்தக வாசலில் நின்று சொன்னான்: "அண்ணே, ஒங்க தங்கச்சி அரிசிக் கியூவுல நின்ன எடத்துலயே சாஞ்சிருச்சிலா. மூஞ்சி சுண்ணாம்பு மாரி இருக்கு. வயித்துல வேற நாலு மாசமாம்." இதற்கு முன் இரண்டு கலைந்துபோனதையும் அவன்தான் சொன்னான். என் கூடப் பிறந்தவளின் செய்தி ஒரு லாரிக்காரன் வாயால் எனக்கு வர வேண்டியிருக்கிறது.

உனக்கு மூச்சு வாங்கும். கண்ணிமைக்குள் வெளுத்திருக்கும். படி ஏறினால் காது அடைக்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்ப்பது இதைத்தான். உன் இரத்தத்தில் இரும்பு இல்லை. இரும்பு இல்லாத உடம்பு பிரசவத்தில் ஒரு சொம்பு இரத்தம் போனாலும் தாங்காது. நல்லம்மாள் எப்படிப் போனாள் என்பதை நீ என் வீட்டில் இருந்து பார்த்தவள். என் மனைவியைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

எங்கள் வெள்ளைக்கார டாக்டர் ஜப்பான்காரன் வந்த டிசம்பரில் ஓடிப்போனபோது மருந்துப் பெட்டியையும் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டார். வார்டில் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். அவர் மறந்துவிட்டுப் போன ஒரு ஜாடி அன்னபேதியைப் புகைக்கூடத்தில் ரப்பர் பாளங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இரும்பு உப்பு அது. இருபத்தெட்டுப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மாலையில் ஒன்று, அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடி. குமட்டும். அதற்காக நிறுத்தக் கூடாது.

கூடவே ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. விரலைக் குத்தி, அதிலுள்ள தாளில் ஒரு சொட்டு இரத்தம் விடு. ஈரப் பளபளப்பு போனவுடன், பகல் வெளிச்சத்தில், பக்கத்திலுள்ள சிவப்பு நிறங்களோடு ஒத்துப் பார். நூறு என்றால் முழு இரத்தம். அறுபதுக்குக் கீழே நீ பிரசவத்துக்குப் படுக்கக் கூடாது. ஆகஸ்டுக்கு ஐந்து மாதம் இருக்கிறது.

புத்தகம் எனக்குத் திரும்பி வர வேண்டும்.

கார்த்திகேசு


சிலிபின், ஈப்போ
21 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

இனிமேல் ஆண்டு போடாதீர்கள். செம்மோர் சோதனைச் சாவடியில் சீனியின் சட்டைப்பையைத் துழாவுகிறார்கள். உங்கள் கணக்கு வாத்தியாருக்காக அவன் அறை வாங்க வேண்டாம்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னைப் பற்றிய செய்தி நிறைய இருந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்களே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பது. பக்கத்து வீட்டு வீரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பதுகூட இல்லக்கா, இது வெத்தல போட்ட எச்சி கலரு" என்றாள்.

உங்கள் மாப்பிள்ளையின் பெயர் ஐயாவு. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்பதால் நானே எழுதிவைக்கிறேன். வார்ப்புப் பட்டறையில்தான் இன்னும் வேலை. இப்போது ஜப்பான்காரர் மேற்பார்வை. நான் விழுந்த மறுநாளே கடைசல் மெஷினின் அடியிலிருந்து ஒரு பிடி இரும்புத்தூள் அள்ளி வந்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டார். "பட்டறை பூரா இரும்பு, எம் பொஞ்சாதி ஒடம்புல மட்டும் இல்லன்னா என்னா நியாயம்லா இது?" என்கிறார். துணியில் வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்.

உங்கள் மருந்தையும் குடிக்கிறேன். சௌக்கியமாக இருங்கள்.

மங்களம்


சுங்கை சிப்புட்
2 ஏப்ரல்

மங்களத்துக்கு,

அந்தத் தூளை இன்றைக்கே சாக்கடையில் கொட்டு. கடைசல் மெஷினின் அடியில் விழுவது வெறும் இரும்பா? எண்ணெய் இருக்கும், பித்தளை இருக்கும், பற்றவைத்த ஈயம் இருக்கும். ஈயம் கருவைக் கலைக்கும். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். மருத்துவக் கல்லூரிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டு மேனேஜர் பங்களா வாசலில் மூன்று நாள் நின்றவன். கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். அப்படியிருந்தும் என் படிப்பில் பாதியாவது என்னிடம் இருக்கிறது. உன் வீட்டில் இரும்படிக்கிறவன் டாக்டராகிவிட்டான்.

"குடிக்கிறேன்" என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறாய். மலம் கறுத்ததா? கறுக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பதில் எழுது. பல்லில் கறை படியாமல் இருக்கப் பப்பாளிக் காம்பால் உறிஞ்சு. கொல்லையில் கிழங்கு போடும்போது வெறுங்காலோடு நடக்காதே, மரச்செருப்பு போடு. மண்ணிலிருந்து கொக்கிப்புழு ஏறி இருக்கிற இரத்தத்தையும் குடித்துவிடும்.

இங்கே பெரட்டில் நான் கரண்டியோடு நிற்பேன். விழுங்கிய பிறகு நாக்கை நீட்டச் சொல்வேன். நீட்டாமல் ஒருத்தியும் நகர முடியாது. உன்னை அப்படி நிறுத்த முடியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

கார்த்திகேசு


சிலிபின்
16 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

தூளைக் கொட்டிவிட்டோம். ஐயாவுக்கு வருத்தம். ஈயம் என்று சொன்னதும் முகம் செத்துப்போய், தானே எடுத்துப் போய்க் கொட்டினார்.

மரச்செருப்பு போடுகிறேன். நிறம் நாற்பதுதான். பொட்டலம் முடிந்துவிட்டது. இன்னும் இருபது அனுப்ப முடியுமா?

மங்களம்


சுங்கை சிப்புட்
25 ஏப்ரல்

மங்களத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மார்ச்சில் எழுதியது சீனி கொண்டுவந்தபோது சாம்பல் நிறமாக இருந்தது. இப்போது கரிக்கறுப்பு. நாளாக ஆகக் கறுக்கும் மை எது என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். "குடிக்கிறேன்" என்ற சொல் வெளுத்துப்போனது.

ஈப்போவில் ஆறு மாதமாக மை கிடைக்கவில்லை என்று சீனி சொல்கிறான். அவனை மருந்தகத்தில் உட்காரவைத்து விசாரித்தேன். முதலில், "எனக்கு என்னாண்ணே தெரியும், நான் லாரிக்காரன்" என்றான். அப்புறம் சொன்னான்: "அக்காதான் அங்க எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்குது. நல்ல கறுப்பு மை. சர்க்கார் கச்சேரியில ஜப்பான்காரனே கேட்டானாம், எங்க வாங்குனன்னு."

பெண்ணே, அது என்ன மருந்து என்று உனக்குத் தெரியுமா? இந்தத் தோட்டத்தில் இருளாயி என்று ஒருத்தி ஆறு மாதமாக இதே நோயோடு இருக்கிறாள். புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நகம் குழிவிழுந்து கரண்டி மாதிரி இருக்கிறது. அவளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைத்துவிட்டு, உனக்கு இரண்டு அனுப்பினேன். தவறு என்று தெரிந்தே செய்தேன். அதை நீ பேனாவில் தோய்த்துச் சர்க்காருக்கு மனு எழுதியிருக்கிறாய்!

மருந்து கிடைக்காமல் சாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சாகத் துணிகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னும் என்னிடம் பொய் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பு என்றாய். நான் நம்பினேன்.

பொட்டலம் அனுப்பப் போவதில்லை.

கார்த்திகேசு


சிலிபின்
29 ஏப்ரல்

அண்ணனுக்கு,

ஆமாம், மை செய்தேன். எப்படி என்று கேளுங்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

முதல் நான்கு நாள் நீங்கள் சொன்னபடியே வெறும் வயிற்றில் குடித்தேன். நான்கு நாளும் வாந்தி. வாந்தியோடு முதல் நாள் தின்ற கிழங்கும் போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு, அண்ணே. அதை வெளியே எடுக்கிற மருந்தை எப்படிக் குடிப்பது? ஐந்தாம் நாள், வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று கொய்யா இலைத் தண்ணீரில் கலந்தேன். தேயிலை கிடைக்காததால் இந்தத் தெருவே கொய்யா இலையைத்தான் கொதிக்கவைத்துக் குடிக்கிறது. கலந்ததும் கோப்பை முழுக்கக் கறுத்துவிட்டது. வீரம்மா பார்த்து, "அய்யோ அக்கா, இது குடிக்கிறதா, எழுதுறதா?" என்று சிரித்தாள். அப்புறம் அவளே சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதலாமா?" என்றாள். அவள் புருஷனையும் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மாதமாக மனு எழுத மை தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எழுதினேன். பிறகு பதினாறு பேருக்கு எழுதினேன். ஒரு மனுவுக்கு இரண்டு முட்டை, ஒரு கட்டு முருங்கை, கைப்பிடி நெத்திலி என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். அதெல்லாம் என் வயிற்றில் நின்றது. உங்கள் மருந்து நிற்கவில்லை. பொய் சொன்னது தப்பு. உண்மையைச் சொன்னால் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "குமட்டும், நிறுத்தக் கூடாது." முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்களே.

இதே சொல்லைத்தான் அண்ணியிடமும் சொன்னீர்கள்.

எழுதக் கூடாது என்று பதினான்கு வருஷம் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். காலையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நிற்பீர்கள். அண்ணி விழுங்கிவிட்டு நாக்கை நீட்டுவார். நீங்கள் மருந்தகத்துக்குப் போனதும் பின்பக்கம் போய்க் குனிந்துகொள்வார். வயிறு எரிகிறது என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை நீங்கள், "தோட்டத்துப் பொம்பளைங்கதான் இப்படிச் சாக்குச் சொல்லுவாங்க. டிரஸ்ஸர் பொஞ்சாதியும் சொன்னா, பெரட்டுல எவ குடிப்பா?" என்றீர்கள். அதன் பிறகு அவர் சொல்லவில்லை. மாலை மருந்தை உங்களுக்குத் தெரியாமல் கீழே ஊற்றினார். எனக்குப் பதினேழு வயது. நான் பார்த்தேன். "ஒங்க அண்ணங்கிட்ட சொல்லிறாத மங்களம், அவருக்குப் படிச்சவருங்கிற பேரு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

அண்ணியும் குழந்தையும் போன பிறகு இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தேன். மேனேஜரைத் திட்டினீர்கள். டாக்டரைத் திட்டினீர்கள். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டதா என்று ஒரு நாள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தையல் வகுப்பு என்று பொய் சொல்லி வெளியே வந்தது ஐயாவுக்காக மட்டும் அல்ல.

பொட்டலம் வேண்டாம். இருளாயிக்கே கொடுங்கள். கொடுக்கும்போது அவளுக்கு எரிகிறதா என்றும் கேளுங்கள்.

மங்களம்


சுங்கை சிப்புட்
6 ஜூன்

மங்களத்துக்கு,

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

ஐந்து வாரம் சும்மா இருந்ததாக நினைக்காதே. சீனியிடம் ஒவ்வொரு வாரமும் நிறம் என்ன என்று கேட்டேன். நாற்பத்தைந்து என்கிறான். அவன் பார்வைக்கு அது ஐம்பதாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். அவனுக்குச் சிவப்பு என்றால் பிரேக் விளக்கு.

கீழே எழுதியிருப்பவை ஒரு டிரஸ்ஸர் கேட்கும் கேள்விகள். அண்ணன் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடித்து எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது? வாந்திக்கு முன் எரிச்சலா, குமட்டலா? எரிச்சல் என்றால் எந்த இடத்தில்? சாப்பிட்ட பிறகு குடித்துப் பார்த்ததுண்டா? காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை உன் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுது. தண்ணீரைக்கூட விடாதே.

எட்டுப் பொட்டலம் அனுப்புகிறேன். ஒரு பொட்டலத்தை நான்காகப் பிரி. கால் பங்கு மட்டும், சோறோ கிழங்கோ பாதி சாப்பிட்டிருக்கும்போது, எலுமிச்சம்பழத் தண்ணீரில். வெறும் வயிற்றில் வேண்டாம். மூன்று நாள் நின்றால் அரைப் பங்கு. நிற்காவிட்டால் நிறுத்திவிட்டு எனக்கு எழுது. நிறுத்தலாம்.

கார்த்திகேசு


சிலிபின்
20 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

வெறும் வயிற்றில் குடித்தபோது கால் மணி நேரத்தில் வாந்தி. முன்னால் எரிச்சல், தொப்புளுக்கு மேலே நான்கு விரல். கால் பங்கு, பாதிச் சாப்பாட்டில், எலுமிச்சையோடு: நின்றது! இன்று பதினோராம் நாள். இப்போது அரைப் பங்கு. லேசாகக் குமட்டுகிறது, வெளியே வரவில்லை. மலம் கறுத்துவிட்டது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன். இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் போகிறது, கல் மாதிரி.

வாய்க்குள் போவது: எழுந்ததும் கொய்யா இலைத் தண்ணீர். பத்து மணிக்கு மரவள்ளி, கூடவே கொய்யா இலைத் தண்ணீர். மூன்று மணிக்குச் சோறு இருந்தால் சோறு, முருங்கை அல்லது சக்கரவள்ளி இலை, மனு வந்த நாளில் முட்டை, கொய்யா இலைத் தண்ணீர். இருட்டியதும் கிழங்குக் கஞ்சி, அதோடு திரும்பவும் கொய்யா இலைத் தண்ணீர். பசியை அடக்குகிறது என்பதால் ஐயாவும் நானும் பெரிய பெரிய கோப்பையாகக் குடிப்போம்.

இன்னொன்று. திட்டாதீர்கள், அல்லது முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். எங்கள் இரும்புச் சட்டியைப் போன வருஷம் பழைய இரும்போடு சேர்த்து எடுத்துப்போய்விட்டார்கள். எனாமல் பூசிய மங்குப் பாத்திரத்தில்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவு எனக்கு ஒரு சட்டி வார்த்துவிட்டார். பட்டறையிலிருந்து ஆணிகூட வெளியே வராது, வாசலில் ஜப்பான்காரன் வாள் வைத்துக்கொண்டு நிற்கிறான். சீனியின் லாரியில் கரி எரிக்கும் உருளையைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தபோது, அதன் வாயில் மூடியாகச் சட்டியைப் பொருத்தி நான்கு போல்ட்டு முடுக்கிவிட்டாராம். சீனி வாசலில் இறங்கி, குனிந்து வணக்கம் போட்டுவிட்டு ஓட்டி வந்துவிட்டான். இங்கே வந்துதான் கழற்றினான். "அக்கா, இனிமே ஒங்க வீட்டுக்கு உப்புக்கூட நான் கொண்டாரமாட்டேன்லா" என்றான். அடுத்த வாரம் உப்பு கொண்டுவந்தான்.

அந்தச் சட்டியில் அசாம் புளி போட்டுக் குழம்பு வைக்கிறேன். கறுப்பாக வருகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டால் வருகிற ருசி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நிற்கிறது, அண்ணே. எரியவில்லை.

நிறம் ஐம்பது. வீரம்மாவும் ஐம்பது என்கிறாள்.

மங்களம்


சுங்கை சிப்புட்
27 ஜூன்

மங்களத்துக்கு,

நான்கு போல்ட்டு! பிடிபட்டிருந்தால் மூன்று பேர் தலை போயிருக்கும். ஐயாவு எந்த இரும்பை உருக்கினார் என்று கேட்டு எழுது. பழைய பாட்டரித் தகடு கலந்திருந்தால் சட்டியை உடைத்துவிடு. ஈயக் குழாயும், வெள்ளைப்பூச்சு பூசிய தகடும் கூடாது. சுத்தமான வார்ப்பிரும்பு என்றால் வைத்துக்கொள். புளிப்பு அதிகமாக, நேரம் அதிகமாகக் கொதிக்கட்டும். அந்தக் குழம்பு எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இப்போது கவனமாகப் படி. உன் பட்டியலை நான்கு தடவை படித்தேன். நான் ஒரு மூடன். உன் கோப்பையில் அன்னபேதி ஏன் கறுத்தது? கொய்யா இலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை விடாது, அதனால்தான் அது மையாகிறது. நீ ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய். முருங்கையில் உள்ள இரும்பு, முட்டையில் உள்ளது, மருந்தில் உள்ளது எல்லாம் உன் வயிற்றுக்குள்ளேயே மையாகி வெளியே போகிறது. எத்தனை மாதமாக? தேயிலை தீர்ந்துபோனதிலிருந்தா?

இன்றே நிறுத்து. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வெந்நீர் மட்டும். வீரம்மாவிடமும் சொல். அந்தத் தெருவுக்கே சொல். தேயிலையையும் அரிசியையும் பறித்துக்கொண்டு, கொதிக்கவைத்த இலையைக் குடிக்க விட்டவர்களை என்ன சொல்வது? இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தோட்டத்து ஆட்கள் மருந்துக்குப் பின்னால் கறுப்புத் தேநீர் குடிப்பதைப் பார்த்தும் வாய் திறக்காத என்னை என்ன சொல்வது?

மலச்சிக்கலுக்குப் பழுத்த பப்பாளி. கடைசிப் பத்துப் பொட்டலத்தை அனுப்புகிறேன். மீதி இருளாயிக்கு, அவளுக்கும் கால் பங்காகவே. சரிபாதியாகப் பிரித்தேன். ஜாடி காலி.

கார்த்திகேசு


சிலிபின்
15 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெண் குழந்தை. ஒன்பதாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு. ஜப்பான்காரர்கள் திருப்பிவைக்கச் சொன்ன கடிகாரத்தில் எத்தனை மணி என்று எனக்குத் தெரியாது, கவலையும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே வலி கண்டது, சீனி பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினான். சின்னதாக இருக்கிறாள், ஆனால் தொண்டை உங்களுடையது.

ஆகஸ்ட் முதல் வாரம் நிறம் அறுபது, அல்லது அதற்கு ஒரு மயிரிழை கீழே. இரத்தம் போயிற்று. மருத்துவச்சி இரண்டு கந்தலை மாற்றிவிட்டு வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்குக் காது அடைத்தது. பிறகு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எழுந்து சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். நாற்பதில் படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன், இல்லையா? நேராகச் சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.

வீரம்மா ஒன்று சொன்னாள். அன்று காலை எதிர்க் கடையின் தாழ்வாரத்தில் குடை வைத்த ஒருவர் மூன்று மணி நேரம் நின்றாராம். "உள்ளார வாங்கலா, யாரு வேணும்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றாராம். குழந்தை அழுதது கேட்டதும் போய்விட்டாராம். அவர் சட்டைப்பையில் மருந்துக் குப்பியும் பஞ்சும் இருந்ததாக அவள் சத்தியம் செய்கிறாள். நீங்களா?

மங்களம்


சுங்கை சிப்புட்
22 ஆகஸ்ட்

அன்புள்ள மங்களத்துக்கு,

ஒன்பதாம் தேதி எனக்கு ஈப்போவில் வேலை இருந்தது. வெயில் அதிகம், தாழ்வாரத்தில் நின்றேன்.

நாற்பதில் படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டாய். நேராகத்தான் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை பெரட்டில் இருளாயிக்குக் கடைசிப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தேன். வாயில் வாங்கிக்கொண்டாள். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. எங்கே எரிகிறது என்று கேட்டேன். நான் கை ஓங்கிவிட்ட மாதிரி பின்னால் நகர்ந்தாள். அப்புறம் தரையில் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அய்யா, மூணு மாசமா ஒங்க மருந்து எனக்குள்ள போகவே இல்லைங்கய்யா. நாக்குக்கு அடியில வச்சிருந்து லயத்து வீட்டுக்குப் பின்னால துப்பிருவேன். நெஞ்சு கருகுதுங்கய்யா." அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம், மங்களம். எல்லோரும் நாக்கை நீட்டினார்கள். நானும் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

இருளாயிக்கு இப்போது மருந்து இல்லை. ஓடையில் பறித்த பாக்கு என்ற பெரணிக் கீரையும், ஆற்று மீனும், எலுமிச்சையும் சொல்லியிருக்கிறேன். ஒரு இரும்புச் சட்டி தேவை. ஐயாவிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ கேள். ஆபத்து என்றால் வேண்டாம்.

ஒரு கேள்வி. டிரஸ்ஸர் கேட்பது அல்ல. நல்லம்மாளுக்கு எங்கே எரிந்தது? எந்த இடம், எவ்வளவு நேரம் என்று உன்னிடம் சொன்னாளா? எதைச் செய்தால் தணிந்தது? தெரிந்தால் எழுது. தெரியாது என்றாலும் எழுது.

கார்த்திகேசு


சிலிபின்
26 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே. கையை வைத்துக் காட்டினார். நெருப்புக் கங்கை விழுங்கினது மாதிரி என்றார். மருந்து உள்ளே போன கால் மணியில் தொடங்கும், நீங்கள் பகல் சாப்பாட்டுக்கு வருகிற நேரத்தில் குறையும். அதனால்தான் நீங்கள் பார்க்கும்போது அவர் நன்றாக இருப்பார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை. சோற்றோடு குடித்த அன்று எரியவில்லை. அப்படி ஒரே ஒரு நாள் குடித்தார், நீங்கள் தைப்பிங் போயிருந்தபோது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நினைவு வந்து குடித்தார். எரியவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்றார் என்பது ஒரு காரணம். நீங்கள் கத்துவீர்கள் என்று பயந்தேன் என்பது இன்னொன்று. அந்த ஒரு நாளைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். இது என் பங்கு. உங்கள் மேல் கோபமாக எழுதும்போதெல்லாம் இதை விட்டுவிட்டேன்.

சட்டியைப் பற்றி ஐயாவிடம் சொன்னேன். "அவரு வந்து கேக்கட்டும்லா, அளவு தெரிய வேணாமா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சீனியின் லாரி வருகிறது. பகல் சாப்பாடு இங்கே. ஐயாவு வீட்டில்தான் இருப்பார்.

மங்களம்